ஆங்கிலத்தில் பாடினால்தான் பிரேசில் இசைக்குழுவுக்கு வெளிநாட்டில் இடம் கிடைக்குமா?

சைக்கடெலிக் ராக்கும் (கனவுபோன்ற விசித்திர ஒலிகள் கொண்ட ராக் இசை) சோல் இசையும் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சிமிகு பாடல் வகை) கலந்து, பிரேசிலின் மொழியான போர்த்துகீசியத்தில் பாடும் குழு ஒன்று வெளிநாட்டுக்குப் போக மொழியை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் 1966-இல் உருவான ஓஸ் முட்டான்டெஸ் என்ற சைக்கடெலிக் ராக் குழுவைப் பாருங்கள். 1970-இல் பாரிஸுக்குப் போய், தங்கள் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் மறுபடியும் பாடிப் பதிவுசெய்தார்கள். வெளிநாட்டு ரசிகர்களுக்காகவே செய்த அந்த ஆல்பம் 2000 வரை வெளியே வரவில்லை! அதற்குள், முக்கியமாகப் போர்த்துகீசியத்தில் பாடிய பழைய பதிவுகளே அவர்களுக்கு வெளிநாட்டில் பெயர் வாங்கித் தந்துவிட்டன. 1993-இல் பிரேசிலுக்கு வந்த அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் அவர்களுடைய தீவிர ரசிகர். 1999-இல் இசைக்கலைஞர் டேவிட் பைர்னின் லுவாகா பாப் என்ற இசை நிறுவனம் அவர்களுடைய பாடல்களின் தொகுப்பை வெளியிட்டது. 2006-இல் லண்டன் பார்பிக்கன் அரங்கில் மீண்டும் மேடையேறினார்கள், பழைய பாடகி ரீட்டா லீ இல்லாமல். (அவர் இல்லாதது எனக்குக் குறைதான்.)

சோல் பக்கம் பிரேசில் பாடகர் டிம் மாயா. அமெரிக்காவில் வாழ்ந்து அந்த இசையைக் கற்றவர், ஆங்கிலத்திலும் பாடியவர். ஆனாலும் அவருக்கான லுவாகா பாப் தொகுப்பு 2012-இல்தான் வந்தது, அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து.

இன்றைய குழுக்களுக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை. பிரேசிலின் கோயானியா நகரைச் சேர்ந்த பூகாரின்ஸ் என்ற சைக்கடெலிக் ராக் குழு வீட்டிலேயே பதிவுசெய்த முதல் ஆல்பம் 2013-இல் அமெரிக்க நிறுவனம் வழியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா, ஐரோப்பா சுற்றுப்பயணம். பாடியது போர்த்துகீசியத்தில்தான். விசா, விமானச் செலவு, உள்ளூர் ஏற்பாட்டாளர்: கவலைப்பட வேண்டியவை இவைதான்.