தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு போகப்போகும் மகளுக்கு வீட்டில் ஆங்கிலச் சொற்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நீங்கள் தந்த விவரம்: கோலாலம்பூர், வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் மலாய் வாசிக்கப் பழகிவிட்டாள், ஆங்கிலத்தில் பழம், விலங்கு, நிறம் மட்டும் தெரியும். தினம் 10 சொல் மனப்பாடம் செய்தும் நிற்கவில்லை.

முதலில் 10ஐ 3 ஆக்குங்கள். வாரத்தில் 4 நாள், நாளுக்கு 3 என்றால் வாரம் 12. 40 வாரத்தில் 480. ஏழு வயதுக்கு அது தாராளம்.

ஆனால் உண்மையான சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, மலாயில் இருக்கிறது. அவளுக்கு ரூமி எழுத்து (மலாய் எழுதப் பயன்படும் ஏ, பி, சி எழுத்து) தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். மலாயில் 'சி' என்ற எழுத்துக்கு எப்போதும் 'பச்சை'யில் வரும் 'ச' ஒலிதான். ஆங்கிலத்தில் பூனைக்கு உரிய சி-ஏ-டி, மலாய்க் கண்ணுக்கு 'சாட்', அதாவது பெயின்ட். ஜே-ஏ-எம் ரொட்டியில் தடவும் ஜாம் அல்ல, மணி நேரம். ஏ-ஐ-ஆர் காற்று அல்ல, தண்ணீர். பஸ்ஸை மலாயில் பி-ஏ-எஸ் என்று எழுதுவதால் ஆங்கில நோட்டிலும் அப்படியே எழுதுவாள். பையையும் கேக்கையும் மலாய் எழுத்துக்கூட்டலிலேயே எழுதுவாள். இதற்குத் திட்டாதீர்கள், அவள் படித்ததைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறாள். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, மலாய்ச் சொல்லை ஒரு நிறத்திலும் ஆங்கிலச் சொல்லை இன்னொரு நிறத்திலும் எழுதி ஒட்டினால் போதும். அந்த நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

எழுத்தொலியை எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறில் தொடங்குவது வழக்கம். நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் வசதி. இவற்றில் 'ஏ' தவிர மற்றவை மலாயிலும் ஏறக்குறைய அதே ஒலிதான். சிட் (உட்கார்), பின் (ஊசி), டின் (தகர டப்பா), சிப் (உறிஞ்சிக் குடி) என்று முதல் வாரமே எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். 'ஏ'யை இரண்டாம் வாரம் தனியாகப் பழக்குங்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேல் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வேண்டாம். 'பிக்' என்று எழுதினால் அது பன்றியா, பெரியதா, பொறுக்குவதா? மூன்றுக்கும் தமிழில் ஒரே எழுத்துதான். (இங்கே நான் அப்படி எழுதுவது உங்களுக்காக, அவள் நோட்டுக்காக அல்ல.) ஊசிக்கான 'பின்', குப்பைத்தொட்டிக்கான 'பின்' இரண்டையும் பிரித்துக்காட்ட, உதட்டுக்கு முன்னே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள். முதலாவதைச் சொல்லும்போது காகிதம் ஆட வேண்டும், இரண்டாவதில் ஆடக்கூடாது. 'புக்கு', 'கப்பு' என்று கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்வதையும் இப்போதே திருத்திவிடுங்கள். பழகிவிட்டால் அது லேசில் போகாது.

எந்தச் சொற்கள்? பழமும் விலங்கும் போதும், வினைச்சொற்களுக்கு வாருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டோல்ச், பிள்ளைகளின் புத்தகங்களில் அடிக்கடி வரும் சொற்களைத் தொகுத்து 1936இல் வெளியிட்ட 220 சொல் பட்டியலில் பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை. பெயர்ச்சொற்கள் 95ஐ அவர் தனியாக வைத்தார். வாசிப்பைத் தூக்கி நிறுத்துவது அந்த 220தான். படம் வரைய முடியாத சொற்களைத் தனியாகக் கேட்காமல், 'கம் வித் மீ' என்பதுபோல் சிறு தொடராகக் கொடுங்கள். வினைச்சொல்லை உடம்பால் பழக்குங்கள்: நீங்கள் சொல்ல அவள் செய்யட்டும், பிறகு அவள் சொல்ல நீங்கள் செய்யுங்கள். 'ஓப்பன்' கதவு, பெட்டி போன்றவற்றுக்குத்தான், விளக்குக்கு அல்ல. மலாயில் விளக்கையும் 'புக்கா' (திற) என்பதால் 'ஓப்பன் த லைட்' இங்கே பெரியவர்கள் வாயிலேயே வருகிறது. 'ஸ்விட்ச் ஆன்' என்பதை ஒரே சொல்லாகக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே நாளில் எதிர்ச்சொல் ஜோடி வேண்டாம். லெஃப்ட், ரைட் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது எது என்ற குழப்பம் மாதக்கணக்கில் நீடிக்கும். ஒன்று நன்றாகப் பதிந்து ஒரு வாரம் கழித்து மற்றது.

அட்டைக்கு ஏ4 அளவு மணிலா அட்டையை எட்டாக வெட்டுங்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் ஆங்கிலச் சின்ன எழுத்தில் (ஸ்மால் லெட்டர்) சொல். எல்லாம் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) எழுதினால் புத்தகத்தில் அதே சொல்லை அடையாளம் காண மாட்டாள். பழைய பிஸ்கட் டின்னில் மூன்று தடுப்பு: தினமும், மூன்று நாளுக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்கு, தவறினால் எங்கிருந்தாலும் முதல் தடுப்புக்கு. முதல் தடுப்பில் 15 அட்டைக்கு மேல் சேர்ந்துவிட்டால் அது குறையும்வரை புதுச் சொல்லே கிடையாது. மொத்தம் 15 நிமிடம். அதற்குமேல் இழுத்தால் மறுநாள் டின்னைப் பார்த்ததுமே ஓடுவாள்.

எண்ணோடு சேர்த்தும் கேளுங்கள். தமிழில் 'ரெண்டு புக்' என்போம், மலாயிலும் எண்ணுக்குப் பிறகு பன்மை வராது. அதனால் 'டூ புக்' என்றே நின்றுவிடும். அட்டையில் ஒன்று, பக்கத்தில் இரண்டு என்று இரு படம் வரைந்தால் 'ஸ்' தானாக வரும்.

வெளியே போகும்போது பேரங்காடிக் கதவுகளைக் காட்டுங்கள். பலவற்றில் 'தோலாக்' பக்கத்தில் 'புஷ்' (தள்ளு), 'தாரிக்' பக்கத்தில் 'புல்' (இழு) என்று எழுதியிருக்கும். தே தாரிக் (இழுத்து ஆற்றும் தேநீர்) தெரிந்த பிள்ளைக்கு 'புல்' புரிய ஒரு நொடி போதும். ஆனால் ஒரே நாளில் ஒரு கதவுதான்.