அரசுப் பள்ளிகளில் மனநல ஆலோசகர் தனியாக வேண்டுமா, ஆசிரியர்களே போதாதா?

போதாது. இருபத்தோரு வருடமாக அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஒன்று உங்கள் பிள்ளை எங்கோ ஒரு வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லை நீங்களே புதிதாகப் பணியில் சேர்ந்தவராக இருக்க வேண்டும். எதுவானாலும் பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளமாகப் போகும்.

2022 ஜூன். கொரோனா ஓய்ந்து பள்ளி ஒழுங்காக நடக்க ஆரம்பித்த வருடம். ஊர் வேலூர் பக்கம், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். மற்ற பிள்ளைகள் மாஸ்க்கை மறந்தேபோன பிறகும் அவள் மட்டும் கழற்றவில்லை. கறுப்புத் துணி மாஸ்க். ஒரு பக்கம் எலாஸ்டிக் அறுந்துபோய், அந்த இடத்தில் பாவாடை நாடாத் துண்டை வைத்துத் தைத்திருந்தாள். மதியம் சத்துணவுக்கு வரிசையில் நிற்பாள், வாங்குவாள், ஆனால் சாப்பிட மாட்டாள். முட்டையோடு அப்படியே டப்பாவில் போட்டு மூடிப் பையில் வைத்துக்கொள்வாள். வீட்டில் பாட்டி இருப்பது தெரியும். பாட்டிக்குக் கொண்டுபோகிறாள், வீட்டில் கஷ்டம் போல என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

ஒருநாள் செய்யுள் நடத்தும்போது அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். குரல் துணிக்குள்ளேயே நின்றுவிட்டது. "மாஸ்க்கைக் கழட்டிட்டுப் படிம்மா" என்றேன். அசையவில்லை. இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது முறை, "கழட்டுற வரைக்கும் நில்லு" என்றேன். பீரியடு முடியும்வரை நின்றாள். அழுகிறாள் என்பது கண்ணைப் பார்த்துத் தெரியவில்லை. மாஸ்க் நனைந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் உதட்டோடு ஒட்டி ஒட்டி விலகியது. அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பார்த்த பிறகும் நான் உட்காரச் சொல்லவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, சொன்ன சொல்லை மாற்றினால் நாளைக்கு இவர்களை அடக்க முடியாது என்று பயந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்குப் போனேன். அம்மா ஷூ கம்பெனியில் வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வருவார். பாட்டி மட்டும் இருந்தார். அவள் அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்குள்ளும் மாஸ்க். அரைமணி நேரம் நான் ஒன்றும் கேட்கவில்லை, பாட்டியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளி திறந்தது. அதுவரை வாட்ஸ்அப் குழுவில்தான் பாடம். மனப்பாடப் பாடலைப் பாடி வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பச் சொன்னது நான்தான். அவளும் அம்மாவின் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். யாரோ ஒரு பையன் அந்த வீடியோவில் வாய் அகலத் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்டிக்கராக்கிவிட்டான். அது வகுப்புப் பிள்ளைகள் தனியாக வைத்திருந்த குழுவில் ஆறேழு மாதம் சுற்றியிருக்கிறது. யாராவது எதற்காவது சிரித்தால் பதிலுக்கு அவள் முகம் வந்து விழும். "என் வாய் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும் டீச்சர்" என்றாள். அதனால்தான் நாலு பேர் முன்னால் சாப்பிடவில்லை. முட்டை பாட்டிக்கு இல்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவள்தான் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது, "யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டேன். வம்புக்குச் சொல்லவில்லை. மனசு தாங்கவில்லை, என்ன செய்வது என்றும் தெரியவில்லை, அனுபவம் உள்ள ஒரு ஆசிரியரிடம் யோசனை கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உண்மையிலேயே பிரியம் உள்ளவர். அடுத்த பீரியடே வகுப்பில் போய், அவள் பெயரைச் சொல்லி, "ஒரு பொம்பளப் புள்ளைய இப்படியாடா பண்ணுவீங்க" என்று எல்லாரையும் காய்ச்சி எடுத்துவிட்டார். பாதிப் பேர் அந்த ஸ்டிக்கரை மறந்தே போயிருந்தார்கள். அன்று சாயங்காலம் அது மறுபடி கிளம்பியது. திரும்பி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தவள் மேலும் பதினோரு நாள் வரவில்லை. என் போனை எடுக்கவும் இல்லை.

ஆசிரியரே ஆசிரியரைக் குறை சொல்லலாமா என்று சிலர் கிளம்பி வருவார்கள். நான் குறை சொல்வது முதலில் என்னை. ஒரு பிள்ளை அழுதால் நாலு பேரிடம் சொல்லி வழி கேட்பதுதான் எங்கள் பழக்கம், அதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கேட்டதை வெளியே விடாமல் வைத்துக்கொள்வது ஒரு தொழில், அதற்குப் படிப்பும் பயிற்சியும் இருக்கிறது. போதாததற்கு, காலையில் அவளை நிற்கவைத்ததும் நான், பேப்பர் திருத்துவதும் நான், அம்மாவைக் கூப்பிட்டு விடுவதும் நான். மதியம் அவள் என்னிடமே வந்து எப்படி மனசைத் திறப்பாள்?

"எங்க காலத்துல யாரு கவுன்சிலிங் குடுத்தா, நாங்க வளரலையா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களோடு படித்து, பாதியில் நின்று போனவர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஏன் நின்றார்கள் என்று நாம் யாரும் போய்க் கேட்கவில்லை.

கடைசியில் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மனநலப் பிரிவு என்ற போர்டைப் பார்த்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன நினைப்பாங்க மேடம்?" ஓ.பி. சீட்டை நான் வாங்கினேன். உள்ளே இருந்தவர் ஒரு இளம் உளவியலாளர். முதல் காரியமாக எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். பிறகு அவளே சொன்னது: எதையும் கேட்பதற்கு முன்பு, நீ சொல்வதில் எதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், எதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்று பிரித்துச் சொன்னாராம். உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உன்னிடம் தப்பாக நடந்தார்கள் என்றாலோ மறைக்க முடியாது, மற்றதெல்லாம் இந்த அறைக்குள் இருக்கும் என்று. நான் கையில் அடித்துச் செய்த சத்தியத்தில் இந்தத் தெளிவு இல்லை.

மாத்திரை எதுவும் தரவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் அவளையே எழுத வைத்தார். எதற்குக் குறைவாகப் பயமோ அது மேலே, அதிகப் பயம் கீழே. முதல் வரி, பாட்டி எதிரில் மாஸ்க் இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர். அடுத்து, மூக்குக்குக் கீழே இறக்கிக் கடைக்குப் போய் வருவது. பிறகு ஒரே ஒரு தோழியோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பாதி முட்டை. ஒன்றைப் பயமில்லாமல் செய்ய வந்த பிறகுதான் அடுத்தது. கடைசி வரி, வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பது. அந்த வரிக்கு வர அடுத்த பிப்ரவரி ஆனது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவும் அம்மாவுக்கு ஒருநாள் சம்பளம் போனது. இரண்டு முறை அதனாலேயே போகாமல் விட்டார்கள். இதே உளவியலாளர் வாரம் ஒருநாள் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் இந்த அலைச்சல் எதற்கு?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2017-இல் பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், பெரிய காரியம். தோற்ற பிள்ளை அதே வருடம் துணைத் தேர்வு எழுதி மேலே போகலாம் என்பதால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். 14417 என்ற கல்வித்துறை உதவி எண் எங்கள் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டியும் இருக்கிறது, ஆனால் ஹெச்.எம். அறை வாசலில் தொங்குகிறது. எந்தப் பிள்ளை அங்கே போய்ச் சீட்டுப் போடும்? நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. எங்கள் பள்ளிக்கு இன்னும் யாரும் வரவில்லை.

ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தால் போதுமே என்பார்கள். ஒருநாள் பயிற்சிக்கு நானும் போனேன், திரையில் இருந்ததை வாசித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். சரி, பயிற்சி நன்றாகவே இருந்தாலும் நேரம் எங்கே? காலையில் வருகைப் பதிவை ஆப்பில் ஏற்ற வேண்டும், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் எமிஸில், அதாவது கல்வித்துறையின் மாணவர் விவரத் தளத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆதார், வங்கிக் கணக்கு, உயரம், எடை, செருப்பு அளவு. இடையில் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. "லட்ச ரூபாய் சம்பளம் வாங்குறீங்களே, உங்க பிள்ளை எங்க படிக்குது?" என்று என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். என் இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள், பெரியவள் நான் வேலை பார்த்த பள்ளியிலேயே. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

நீங்கள் பெற்றோராக இருந்தால், உங்கள் பள்ளிக்கு ஆலோசகர் வரும்வரை காத்திருக்காதீர்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது, எந்தக் கிழமை என்று ஓ.பி. கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஆசிரியராக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஆலோசகர் கேட்டுத் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். நாங்கள் மூன்று முறை போட்டுவிட்டோம். லேபுக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து, வெள்ளை அடித்து, இரண்டு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் போட்டு வைத்திருக்கிறோம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம் என்று எடுத்துவிட்டோம், ஆனால் சாத்தினால் பேச்சு வெளியே கேட்காது. நானே லேபில் நின்று காதைவைத்துக் கேட்டுப் பார்த்தேன். சாவி ஹெச்.எம். மேசையில் இருக்கிறது.