ஓராண்டு முன்பணமா, மாதக் கட்டணமா?

கேள்வி: ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் ரவுட்டர் இலவசம் என்கிறார் பிராட்பேண்ட் முகவர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இலவசம் என்ற சொல்லுக்கு மயங்கும் முன், இடையில் வீடு மாறினாலோ இணைப்பைத் துண்டித்தாலோ மீதித் தொகை திரும்பக் கிடைக்குமா, ரவுட்டரைத் திருப்பித் தர வேண்டுமா என்பவற்றை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள், வாடகை வீட்டில் இருப்பவருக்கு மாதக் கட்டணமே மேல் என்பது என் கருத்து. 'வரம்பற்ற' திட்டங்கள் சிலவற்றில் மாதம் 3,300 ஜிபியைத் தாண்டினால் வேகம் குறையும். சாதாரணக் குடும்பம் அவ்வளவு பயன்படுத்துவது அரிது என்பதால், அதைவிட வெளியேறும் நிபந்தனைதான் முக்கியம். விளம்பரத்தில் காணும் கட்டணத்துடன் பெரும்பாலும் 18% ஜிஎஸ்டி தனியாகச் சேரும். அளவுமீறிய வைப்புத்தொகை கேட்பதையும், தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்க இடமளிக்கும் விதியையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தின் கூறுகளாகக் குறிப்பிடுகிறது.