வாட்ஸ்அப்பில் வந்த 'தடை' உண்மையா? நாய் வளர்ப்பவர் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறேன். அப்பா காலத்திலிருந்தே வீட்டில் சிப்பிப்பாறை உண்டு. இப்போது நான்கு பொட்டை, ஒரு கடுவன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஈத்து. குட்டிகளைத் தெரிந்தவர்களுக்கு விலைக்குக் கொடுக்கிறேன். சென்னையில் இருக்கும் மகள் ஒரு பக் வளர்க்கிறாள். மாதம் தவறாமல் வாட்ஸ்அப்பில் 'இனி நாய் வளர்க்கத் தடை', 'இந்த இனம் வைத்திருந்தால் அபராதம்' என்று ஏதாவது வந்துவிடுகிறது. எது நிஜம், எது புரளி என்று எப்படிப் பிரிப்பது? சட்டம் வந்த பிறகு அலறாமல், வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: வழி உண்டு. மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் அந்த வாட்ஸ்அப் விஷயத்தை முடித்துவிடுவோம்.

2024 மே மாதம் நினைவிருக்கும். சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. ஊரே கொதித்தது. சில நாட்களில் '23 இன நாய்களுக்குத் தமிழகத்தில் தடை' என்று கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வந்த சுருக்கிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் தடை வந்த செய்தி போன வேகத்தில், வாபஸ் ஆன செய்தி போகவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த இடைவெளியில் கையிலிருந்த இரண்டு குட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் போன் செய்து, "வாங்கினவன் திருப்பித் தருவானா சார்?" என்றார். தரவில்லை.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது என்ன காகிதம்? ஒரு படமோ பிடிஎஃப்போ கைக்கு வந்தால் உள்ளடக்கத்தைப் படிக்கும் முன் தலைப்பகுதியைப் பாருங்கள். 'ந.க. எண்' என்று தொடங்கினால் அது ஓர் அலுவலகத்தின் கடிதம் அல்லது செயல்முறை ஆணை. 'அரசாணை (நிலை) எண்' என்றிருந்தால் தலைமைச் செயலகத்தில் ஒரு துறை போட்ட உத்தரவு. 'ஜி.எஸ்.ஆர்.' என்று ஓர் எண் இருந்தால் மத்திய அரசிதழில் வந்த விதி. 'சட்டமுன்வடிவு எண்' என்றால் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா; இன்னும் சட்டம் ஆகவில்லை. இந்த நான்கில் ஒன்றும் இல்லை, தேதியும் இல்லை, கையெழுத்திட்ட அதிகாரியின் பதவியும் இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

அந்த 23 இனப் பட்டியலின் கதையே இதற்கு நல்ல பாடம். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. பிட்புல், ராட்வீலர், தோசா இனு, கங்கால் உள்ளிட்ட 23 இனங்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ விடாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வையுங்கள் என்றது. கவனியுங்கள், அது கடிதம். சட்டமும் இல்லை, விதியும் இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், விதியைத் திருத்தாமல், வெறும் சுற்றறிக்கையால் இதைச் செய்ய முடியாது என்பது சாரம். அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிற்கவில்லை. ஒவ்வொரு நாய்க்காரரையும் நேரில் கூப்பிட்டு விசாரிக்க முடியாது, பொது அறிவிப்பு கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள் என்ற அளவில் அங்கே முடிந்தது.

அந்த 'எழுத்தில் கருத்து' என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ் மத்திய அரசு எந்த விதி போட்டாலும், முதலில் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 38-ஆம் பிரிவே சொல்கிறது. வரைவிலேயே ஒரு கெடு இருக்கும். அதற்குள் வரும் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பரிசீலித்த பிறகுதான் இறுதி விதி. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 2018-இன் செல்லப்பிராணிக் கடை விதிகள், 2023-இன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தவைதான். நம் ஆட்கள் பெரும்பாலும் இறுதி விதி வந்த அன்றுதான் விழிக்கிறார்கள். வரைவு வெளியாகி, கெடு முடிந்து, கோப்பு மூடி மாதங்கள் ஆகியிருக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை மத்திய அரசின் மின் அரசிதழ்த் தளத்துக்குப் போய், மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த மாதத்து வெளியீடுகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அந்தத் துறையின் சொந்தத் தளத்தில் பொது அறிவிப்புகள் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சட்டத் திருத்த வரைவுகள் சில நேரம் அங்கேதான் வரும். 2022 நவம்பரில் விலங்குவதைத் தடுப்புச் சட்டத் திருத்த மசோதாவின் வரைவை இப்படித்தான் வெளியிட்டு, டிசம்பர் 7 வரை கருத்துக் கேட்டார்கள். இரண்டே வாரம் சொச்சம். மாதம் ஒருமுறை பார்ப்பவருக்கே இறுக்கமான கெடு அது. பார்க்காதவர்கள் கதை கேட்கவே வேண்டாம்.

மாநில அளவில் ஆட்டம் வேறு மாதிரி. விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலமும் சட்டம் போடலாம். ஆனால் நம் சட்டமன்றத்தில் மசோதாவை வைப்பதற்கும் நிறைவேற்றுவதற்கும் இடையில் பல நேரம் மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. ஜல்லிக்கட்டை நினைத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 21-இல் அவசரச் சட்டம், 23-இல் பேரவையில் மசோதா நிறைவேற்றம். அது மக்கள் கேட்டு வந்த சட்டம் என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. இதே வேகத்தில் வேண்டாத ஒன்று வந்தாலும் அரசிதழைப் பார்த்துத் தடுக்க நேரம் இருக்காது. (பார்ப்பதென்றால், தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமைகளில் வருகிறது, மசோதாக்கள் பகுதி நான்கில் இருக்கும். சிறப்பு இதழ் எந்த நாளும் வரலாம்.)

அதனால் மாநில விஷயத்தில் மசோதாவுக்கு முந்தைய கட்டத்தைப் பிடிக்க வேண்டும். அது கொள்கை விளக்கக் குறிப்பு. பட்ஜெட்டுக்குப் பிறகு துறை வாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது ஒவ்வொரு அமைச்சரும் ஒரு புத்தகம் வைப்பார். யாரும் படிக்காத புத்தகம் என்று கிண்டல் செய்வார்கள். நான் படிப்பேன். அடுத்து எந்த வரைவு, எந்த வாரியம், எந்தத் திட்டம் என்று துறை யோசிப்பது அதில் ஒரு பத்தியிலாவது எட்டிப் பார்க்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: கால்நடை பராமரிப்பு, நகராட்சி நிர்வாகம். முதலாவது இனப்பெருக்கம் செய்பவருக்கு, இரண்டாவது வளர்ப்பவருக்கு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2024-இல் மாநில நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்று வெளியானது. நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று 11 இனங்களைக் குறிப்பிட்டு, அவற்றை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ ஆகியவற்றோடு உங்கள் மகள் வளர்க்கும் பக் இனமும் அதில் உண்டு. பலர் காதில் இது 'பக் வளர்க்கத் தடை' என்று விழுந்தது. கொள்கை என்பது அரசு போக நினைக்கும் திசை. உங்களுக்கு அபராதம் போடுவதென்றால் அதற்கு ஒரு சட்டப் பிரிவோ விதியோ பின்னால் இருக்க வேண்டும். 'கொள்கையில் இருக்கிறது' என்று யாராவது மிரட்டினால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். அதே நேரம் அலட்சியமும் வேண்டாம். இன்றைய கொள்கைதான் நாளைய விதிக்கு வரைவு. அந்தக் கொள்கை சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராஜபாளையம் போன்ற நம் நாட்டு இனங்களைக் காப்பது பற்றியும் பேசுகிறது. உங்களுக்கு அது ஒரு பிடி.

மகள் விஷயத்தில் அன்றாடம் உரசப்போவது மாநகராட்சிதான். சென்னையில் செல்லப்பிராணிக்கு உரிமம் கட்டாயம். 2025-இல் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொல்லி, நவம்பர் 24 என்று கெடு வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது, கெடு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. இந்த மாதிரி முடிவுகள் மாமன்றத் தீர்மானமாக வருபவை. மாமன்றம் மாதம் ஒருமுறை கூடும். அஜெண்டா உறுப்பினர்களின் கைக்கு முன்கூட்டியே போய்விடும். ஆக, வார்டு கவுன்சிலரின் நம்பர் மகளின் போனில் இருக்கட்டும். "அக்கா, இந்த மாசம் அஜெண்டாவில் நாய் சம்பந்தமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் போதும். எந்த இணையதளமும் இதைவிடச் சீக்கிரம் சொல்லாது. உங்கள் ஊர் ஊராட்சி என்றால் கிராம சபைதான் இடம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

மகள் அடுக்குமாடியில் இருந்தால் இன்னொன்று. குடியிருப்போர் சங்கம் ஒட்டும் நோட்டீஸ் சட்டம் ஆகாது. செல்லப்பிராணியே வைக்கக் கூடாது என்று சங்கங்கள் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

நீதிமன்றத்தையும் மறக்க வேண்டாம். தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லிக்கு ஓர் உத்தரவு போட்டது, 22-இல் அதைத் திருத்தி, வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. பதினோரு நாளில் நிலைமை தலைகீழ். எனவே எந்தச் செய்திக்கும் 'இப்போது என்ன நிலை?' என்று ஒரு முறை தேடிவிட்டுத்தான் நம்புவது.

சரி, வரைவு ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. என்ன எழுதுவது? 'இது அநியாயம், ரத்து செய்க' என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனு, என் அனுபவத்தில், எண்ணிக்கையில்தான் சேரும். ஒரு விதியைப் பிடித்து எழுதிய ஒரு பக்கம் கோப்புக்குள் போகும். உதாரணத்துக்கு, நாய் இருக்கும் இடம் முழுக்க சிமென்ட் தரையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரைவு வருவதாக வைத்துக்கொள்வோம். நான் இப்படி எழுதுவேன்:

"வரைவு விதி இன்ன எண்: 'சிமென்ட் தரை' என்பதை 'கழுவக்கூடிய தரையுடன் திறந்த மண் வெளியும்' என்று மாற்றக் கோருகிறேன். காரணம்: சிப்பிப்பாறை ஓட்டத்துக்கான இனம். மண்ணில் ஓடி வளர்கிறது. என்னிடம் நான்கு பெட்டை நாய்கள் உள்ளன. மூன்று ஆண்டு ஈத்துப் பதிவேட்டின் நகலும் கால்நடை மருத்துவரின் சான்றும் இணைத்துள்ளேன்."

இவ்வளவுதான். கெடுவுக்குள் மின்னஞ்சலில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் 'நான் அப்போதே சொன்னேன்' என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். 'இது குறித்து வரைவு ஏதும் தயாரிக்கப்பட்டுள்ளதா, கருத்துக் கேட்பு தேதி என்ன' என்று சுருக்கமாக, தகவலை மட்டும் கேளுங்கள். 'ஏன்', 'எதற்கு' என்றால் பதில் வராது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மேலே சொன்ன மாதிரிக் கடிதத்தில் ஈத்துப் பதிவேடு என்று எழுதினேனே, அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறதா? விற்பதற்காக இணை சேர்ப்பவர், நாய் நான்கோ நாற்பதோ, 2017 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பொட்டையை இணை சேர்க்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இதெல்லாம் வரப்போகும் சட்டம் அல்ல, ஏற்கெனவே இருப்பது. பதிவு இல்லாமல் ஆட்சேபணைக் கடிதம் அனுப்பினால் நாமே போய் முகவரியைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே இந்த வாரம் அரசிதழை விடுங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ப் பதிவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று விசாரியுங்கள். வரும் வழியில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, போன ஈத்தின் தேதியையும் குட்டிகள் யார் யார் வீட்டுக்குப் போயின என்பதையும் நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள்.