சங்கு குளிக்க உரிமம் இருந்தும் வள்ளத்தைப் பறிமுதல் செய்யலாமா?

கேள்வி: தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வசிக்கிறேன். வள்ளம் எனக்குச் சொந்தமானது. சங்கு குளிக்கும் என் தம்பியிடம் மீன்வளத் துறை உரிமம் இருக்கிறது. வான் தீவுக்குக் கிழக்கே எட்டுப் பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில் குளித்துவிட்டுத் திரும்பியபோது, தீவுக்கு அருகில் வனத்துறையினர் மறித்தார்கள். சாக்கில் வழக்கமான சங்குகளோடு, கொம்பு போன்ற புடைப்புகள் கொண்ட மூன்று பெரிய சங்குகளும் இருந்தன. தேசியப் பூங்காவுக்குள் எடுத்ததாக வழக்குப் போட்டு, தம்பியைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். வள்ளமும், குளிப்பவருக்கு மூச்சுக்காற்று தரும் கம்ப்ரசரும் பறிமுதலாகிவிட்டன. அபராதம் கட்டினால் முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உரிமத்தை மட்டும் நம்பி வாதாட வேண்டாம். சங்கு எடுக்க அது அனுமதி தருகிறது. பூங்காவுக்குள் நுழைய அனுமதி தரவில்லை. பூசைக்கும் வளையலுக்கும் போகும் சங்கு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் அட்டவணைகளில் (பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியல்களில்) இல்லை என்பது உண்மைதான். ஆனால், தேசியப் பூங்காவிலிருந்து எந்த வன உயிரையும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்கிறது பிரிவு 35(6). அட்டவணையில் பெயர் இருக்கிறதா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. ஒரே சங்கு, எல்லைக்கு வெளியே எடுத்தால் தொழில். உள்ளே எடுத்தால் குற்றம்.

அப்படியானால் எல்லை எது? உங்கள் வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றி, கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம் வரையும் கடல்பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரையும் உள்ள நீர்ப்பரப்பு அதில் அடங்கும். தண்ணீரில் கோடு கிழித்து வைக்கவில்லை, ஆழம்தான் எல்லை. ஐந்து பாகம் என்பது 30 அடி. எட்டுப் பாகம் என்பது 48 அடி. தம்பி சொல்வது உண்மையானால், சங்கு எடுத்த இடம் பூங்காவுக்கு வெளியே இருக்கவே வாய்ப்பு அதிகம். சங்கு விளைவது ஆழமான மணல் தரையில் என்பது குளிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றத்துக்கு அதைச் சாட்சியத்தோடுதான் சொல்ல வேண்டும்.

பறிமுதல் செய்தபோது எழுதிய பதிவான மகஜரின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை வள்ளத்தை மறித்த இடத்துக்கா, சங்கு குளித்த இடத்துக்கா என்று பாருங்கள். மறித்த இடத்தை மட்டும் குறித்துவிட்டு, அங்கேயே எடுத்தார்கள் என்று வழக்கை எழுதியிருந்தால் அது பெரிய ஓட்டை. வள்ளத்தில் ஜிபிஎஸ் கருவி இருந்ததா? அதுவும் பறிமுதலாகியிருந்தால், அதன் பதிவுகளை அழியாமல் பாதுகாக்கும்படி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அனுமதியின்றிப் பூங்காவுக்குள் நுழைந்ததையே தனிக் குற்றமாகச் சேர்த்திருந்தால், திரும்பும் வழியில் கடந்ததற்கான விளக்கமும் தேவைப்படும்.

எனக்குக் கவலை தருபவை அந்த மூன்று பெரிய சங்குகள். அவை காசிஸ் கார்னூட்டா என்ற இனமாக இருந்தால், 2001-இலேயே முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. அவற்றை எங்கே எடுத்தாலும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உயிர் போன வெறும் ஓடுதானே என்ற வாதமும் எடுபடாது. சட்டம் ஓடுகளையும் சேர்த்தே சொல்கிறது. கையில் இருந்தது நிரூபணமானால், சட்டப்படி வைத்திருந்ததைக் காட்டும் பொறுப்பு பிரிவு 57-இன்படி உங்கள் தரப்பின் மேல் விழும்.

ஆனால் இனத்தை அடையாளம் கண்டவர் யார்? வனக்காவலரின் கண்பார்வை நிபுணர் கருத்து ஆகாது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அல்லது தூத்துக்குடியிலேயே உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் போன்ற இடத்திலிருந்து அறிக்கை பெற்றார்களா என்று உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டும். சாக்கு யாருடையது என்பதும் முக்கியம். மூவர் குளித்து ஒரே சாக்கில் கொட்டியிருந்தால், ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருந்ததா என்பதைத் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருக்கும்.

தம்பி ஏதாவது வாக்குமூலத்தில் கையெழுத்திட்டிருக்கிறாரா? போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் போல இது செல்லாது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். அதிகாரம் பெற்ற உதவி வனப் பாதுகாவலர் நிலை அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் விசாரணையில் ஏற்கத்தக்கது. இனி எந்தத் தாளிலும் வழக்கறிஞர் படித்துச் சொல்லாமல் கையெழுத்திட வேண்டாம் என்று தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அபராதம் கட்டி முடிக்கும் யோசனை உங்களுக்கு உதவாது. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை உள்ள குற்றத்தில் சமரசத் தொகை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது. மூன்று சங்குகளும் வழக்கில் இருக்கும்வரை அந்தக் கதவு மூடியிருக்கிறது. மற்றக் குற்றங்களிலும் துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதிகாரம் பெற்ற அதிகாரிதான் அதைச் செய்யலாம். இடையில் யாராவது ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜாமீனுக்கு உடனே மனுச் செய்யலாம். பிரிவு 51ஏ-இன் கடுமையான நிபந்தனைகள், இதே சட்டத்தில் முன்பு தண்டனை பெற்றவர்களுக்குத்தான். தம்பிக்கு அப்படி எதுவும் இல்லையென்றால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

வள்ளம் அரசுக்குப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பறிமுதல் செய்த மாத்திரத்தில் வாகனம் அரசுடைமை ஆகிவிடாது, வழக்கு நடக்கும்போதே மாஜிஸ்திரேட் அதை இடைக்காலமாக விடுவிக்கலாம் என்று மதுக்கர் ராவ் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 497-இன்கீழ், வள்ளத்தின் பதிவுச் சான்று, உங்கள் பெயரிலுள்ள ஆவணங்கள், நிற்கும் நிலையைக் காட்டும் புகைப்படங்களோடு மனுச் செய்யுங்கள். விற்கவோ மாற்றவோ மாட்டேன் என்ற பிணைப்பத்திரம் கேட்பார்கள். கம்ப்ரசரையும் அதே மனுவில் தனியாகக் குறிப்பிடுங்கள். வள்ளத்துக்கு மட்டும் உத்தரவு வந்தால், கம்ப்ரசருக்காக மறுபடி அலைய நேரிடும்.