அம்மா காரில் உட்காரவா மலைக்கு வருகிறார்?

கேள்வி: மே மாதம் காரில் மூணாறு போகிறோம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் ஒரு முழு நாள் இருக்கத் திட்டம். ட்ரெக்கிங், டென்ட், ஆனைமுடி ஏறுவது என்று அங்கே என்னென்ன செய்யலாம்? நான், மனைவி, பத்து வயது மகள், ஒன்றரை வயது மகன், அம்மா. அம்மாவுக்கு முட்டிவலி, பையனை வைத்துக்கொண்டு காரிலேயே இருந்துவிடுவார்.
- சத்துவாச்சாரி வாசகர்

பதில்: டென்டையும் ஆனைமுடியையும் மறந்துவிடுங்கள். 2,695 மீட்டர் சிகரத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு ஏற விடமாட்டார்கள். அந்த டிக்கெட்டுக்குத் திறந்திருப்பது பூங்காவின் ராஜமலைச் சரிவில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் பாதை. அதில் நடப்பது, வரையாடு பார்ப்பது, அவ்வளவுதான்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். "இருந்துவிடுவார்" என்று முடிவு செய்தது யார்? அம்மாவைக் கேட்டீர்களா? சொந்தக் கார் மேலே போகாது. நுழைவிடத்திலிருந்து வனத்துறை பஸ்தான். நீங்கள் வரிசையில் நின்று, மேலே போய், நடந்து திரும்ப அரை நாள் ஆகும். அதுவரை வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு கிழவியும் கைக்குழந்தையுமா? மலைக்காற்று குளிர்ந்தாலும், கண்ணாடி ஏற்றிய கார் சில நிமிடங்களில் கொதிக்கும். சம்பளமில்லாத ஆயாவை நானூறு கிலோமீட்டருக்கு மேல் கூட்டிப் போவதற்குப் பெயர் குடும்பச் சுற்றுலா இல்லை.

முட்டிவலிக்காரர் நடக்கக் கூடாது என்பதில்லை. பழகி நடக்க வேண்டும். அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாளைக் காலையே வேலூர் கோட்டைப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். முதல் வாரம் தினமும் 15 நிமிடம், அப்புறம் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். நுனியில் ரப்பர் போட்ட கைத்தடி வாங்குங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். வலிக்கிற முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிப்பதுதான் பலர் செய்யும் தப்பு. பயணத்துக்கென்று புதுச் செருப்பு வேண்டாம். பின்பட்டை உள்ள, காலுக்குப் பழகிய செருப்பே போதும்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முட்டி படுத்துவது இறங்கும்போது, மடங்கிய முட்டியில் உடம்பின் பாரம் விழுவதால். ஆகவே பாதித் தெம்பு மிச்சமிருக்கும்போதே அம்மா திரும்பட்டும், சின்னச் சின்ன அடியாக. பாதையின் கடைசிவரை போனால்தான் மலை பார்த்ததாக அர்த்தமா என்ன?

பையனை நீங்கள் தூக்குங்கள். அது அப்பன் வேலை. இடுப்புப் பட்டை உள்ள பேபி கேரியர் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். அரை மணிக்கொரு தரம் அவனை இறக்கிவிடுங்கள்.

டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்து, காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் எதிரே நிற்கும் ஆடுகூடத் தெரியாது. வரையாடுகள் பாதையோரமே மேயும். தொடவோ தீனி போடவோ கூடாது. முதிர்ந்த கடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிர்நிறத் திட்டு இருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் விடுங்கள். குறிஞ்சிப் பூவைக் கேட்டு நச்சரித்தால், 2018இல் பூத்தது, அடுத்தது 2030 என்று சொல்லுங்கள். அதுவரை அம்மாவின் முட்டி இப்படியே இருக்காது என்பதை நீங்களும் நினைத்துப் பாருங்கள்.

காரை வேலூரிலேயே விட்டுவிட்டால் அம்மாவை அதில் உட்காரவைக்கும் யோசனையும் ஒழியும். காட்பாடியில் இரவு ரயில் ஏறினால் காலையில் கோவை. அங்கிருந்து உடுமலை, மறையூர் வழியாக வாடகை வண்டி. எல்லோருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் மூத்தவர்களுக்கான லோயர் பெர்த் கோட்டா கிடைக்காது. அம்மாவுக்குத் தனியாக, முதலில் போடுங்கள்.