உங்க ஊரை நீங்களே படம் எடுங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சொந்த ஊரைப் படம் எடுக்குறதைப் பத்தி எழுதினதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு, அதுல பாதிக்கு மேல மயிலாடுதுறை, தரங்கம்பாடி பக்கத்துலேர்ந்து. எனக்கும் அந்தப் பக்கம்தான், அதனால உதாரணம் எல்லாம் அங்கேர்ந்தே சொல்றேன், நீங்க உங்க ஊருக்குப் பொருத்திக்கங்க.

கேள்வி: சார், காலேஜ் படிக்கிறேன். பிரெண்ட்ஸ் எல்லாம் ஹம்பி, மூணாறுன்னு போய் சூப்பரா எடுத்துட்டு வர்றாங்க. நம்ம ஊர்ல மணிக்கூண்டையும் பஸ் ஸ்டாண்டையும் விட்டா எடுக்க என்ன இருக்கு?
*(ஒரு மாணவர், மயிலாடுதுறை)*

பதில்: ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாதுன்னு பேர் வாங்கின ஊர்ல இருந்துகிட்டு இப்படிக் கேக்கலாமா தம்பி? ஹம்பில நீங்க எடுக்கப்போற படத்தை ஏற்கனவே எத்தனையோ பேர் எடுத்தாச்சு, நீங்க எடுக்கலைன்னா ஹம்பிக்கு ஒரு குறையும் இல்ல. உங்க தெருவை நீங்க எடுக்கலைன்னா யாருமே எடுக்க மாட்டாங்க, அதான் விஷயம்.

தொண்ணூறுகள்ல தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத் இருந்துச்சு. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ள ஒரு ஸ்டூல், தலைக்கு மேல சிவப்பு எழுத்துல ஓடுற மீட்டர், அதையே பாத்துகிட்டு அவசர அவசரமா பேசிட்டு வைப்போம். இப்ப உங்க வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்க, கல்யாணம் இருக்கும், காதுகுத்து இருக்கும், திருப்பதில மொட்டை போட்டது இருக்கும், பூத் இருக்குற படம் ஒண்ணு தேறுதான்னு பாருங்க. அதே மாதிரி மயிலாடுதுறையிலேர்ந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியா தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடிச்சு, எண்பதுகள்ல நிறுத்திட்டாங்க. பெரியவங்களைக் கேட்டா ஏறிப்போன கதையை மணிக்கணக்கா சொல்வாங்க, படம் இருக்கான்னா கையை விரிச்சிடுவாங்க. தினம் பாக்குற ரயிலை யாரு படம் எடுப்பா, அப்படித்தான் எல்லாரும் விட்டுட்டாங்க.

அதனால மணிக்கூண்டையே எடுங்க, ஆனா ஒரே இடத்துல நின்னு, ஒரே உயரத்துல, வருஷம் முழுக்க அப்பப்ப எடுங்க. பிளெக்ஸ் மாறும், கடை மாறும், ஆட்டோ நிக்கிற இடம் மாறும். கையால பெயின்ட் பண்ணின கடை போர்டு இன்னும் மிச்சம் இருந்தா அதை முதல்ல எடுத்துடுங்க, அதெல்லாம் ஒண்ணொண்ணா போய்கிட்டே இருக்கு. ஐப்பசி கடைசி நாள் கடைமுக முழுக்குக்கு துலாக்கட்டம் காவிரிப் படித்துறையில கூட்டம் நிக்கும்ல, அன்னிக்கு எடுத்த அதே படிக்கட்டை சித்திரையில காவிரி காஞ்சு கிடக்கும்போதும் போய் எடுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சாதான் அந்த ஊரு புரியும். குளிக்கிறவங்க பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாதீங்க.

கேள்வி: கோபுரத்தைப் போன்ல எடுத்தா அடி பெருசாவும் மேல போகப்போக ஒல்லியாவும், பின்னாடி சாயுற மாதிரியும் வருது. போன் சரியில்லையா?
*(ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்)*

பதில்: போன் மேல தப்பு இல்லைங்க. உங்க ஊர் கோபுரம் பதினோரு நிலை, 192 அடி, அதோட காலடியில நின்னு போனை அண்ணாந்து புடிச்சா அப்படித்தான் சாயும். போனை நிமிர்த்தி, தரைக்கு நேர் செங்குத்தா புடிச்சா கோடு நேரா வரும், ஆனா கோபுரம் முழுசா அடங்காது, அதுக்கு ஒரே வழி பின்னாடி போறதுதான். வீதி கோடிக்குப் போய் 2எக்ஸ் ஜூம் வச்சு எடுங்க, அப்பவும் கீழ ரோடு நிறைய வரும், வரட்டும், அதுல ஒரு சைக்கிள், ஒரு பூக்காரம்மா, ஒரு மாடு இருந்தா கோபுரத்தோட உயரம் அப்பதான் தெரியும். எதிர் வீட்டு மாடி கிடைச்சா இன்னும் நல்லது, கேட்டா நம்ம ஊர்ல யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

வெயிலையும் பாத்துக்கங்க. பெரும்பாலான கோயில் கிழக்கு பாத்தது, ராஜகோபுரத்து முகத்துல காலையிலதான் வெளிச்சம் விழும், சாயங்காலம் போனா பின்னாடி வானம் வெளுத்து கோபுரம் கரிக்கட்டையா வரும். மார்கழி, தையில சூரியன் தென்கிழக்குல உதிக்கும், அப்ப கோபுரத்தோட தெற்குப் பக்கத்துலயும் சாய்வா வெளிச்சம் பட்டு பொம்மையெல்லாம் எடுப்பா தெரியும். எனக்குப் புடிச்ச சீசன் அதுதான்.

கேள்வி: எந்த கேமரா வாங்கலாம்? பட்ஜெட் கம்மி.
*(ஒரு வாசகர், குத்தாலம்)*

பதில்: கையில இருக்குற போனே போதும். லென்ஸை மட்டும் வேட்டி நுனியால துடைச்சுட்டு எடுங்க, பாதிப் படம் மங்கலா வர்றதுக்கு விரல் எண்ணெய்தான் காரணம்.

கேள்வி: டீக்கடை, சந்தை மாதிரி இடத்துல மனுஷங்களை எடுக்கக் கூச்சமா இருக்கு. ஒருத்தர் "எதுக்கு எடுக்குறே"ன்னு சண்டைக்கே வந்துட்டார். கேக்காம எடுத்தா தப்பா? கேட்டா போஸ் குடுக்குறாங்களே?
*(ஒரு வாசகர், சீர்காழி)*

பதில்: அவர் கேட்டது நியாயம்தான், அவர் முகம் அது. முதல் நாள் போனை வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, டீயைக் குடிங்க, பேப்பர் படிங்க, பேசுங்க. ரெண்டாவது தடவை போகும்போது "அண்ணே, கடையை ஒரு படம் எடுத்துக்கட்டுமா"ன்னு கேளுங்க. கண்டிப்பா போஸ் குடுப்பார், சட்டையை இழுத்து விட்டுக்குவார், அந்தப் படத்தையும் மரியாதையா எடுங்க, எடுத்துட்டு அங்கயே நில்லுங்க. நாலு பேர் டீ கேட்டதும் உங்களை மறந்துடுவார், உங்க படம் அப்பதான் வரும்.

காலையில ஆறு, ஆறரைக்கு பாய்லர் பக்கம் நல்லா கவனிங்க. ஆவி நேர் வெளிச்சத்துல தெரியவே தெரியாது, வெளிச்சம் அதுக்குப் பின்னாடியோ பக்கவாட்டுலயோ இருக்கணும், பின்னணி இருட்டா இருக்கணும். அதனால கடைக்கு உள்பக்கம் நின்னு ரோட்டைப் பாத்து, ஆனா ரோட்டுக்குப் பதிலா நிழல்ல இருக்குற தூணோ கதவோ ஆவிக்குப் பின்னாடி வர்ற மாதிரி நகந்துக்கங்க. ஸ்கிரீன்ல டீ டம்ளர் மேல விரலை அழுத்திப் புடிச்சா வெளிச்சம் லாக் ஆகும், அப்புறம் கொஞ்சம் கீழ இழுத்து டார்க் ஆக்குங்க. கை உயர்ந்து டீ நூல் மாதிரி இறங்குறப்ப வரிசையா ஏழெட்டு அமுக்கிடுங்க, ஒண்ணு தேறும். அந்த ஒண்ணை பிரின்ட் போட்டு அவர்கிட்ட குடுங்க, அதுக்கப்புறம் அந்தக் கடைத்தெரு முழுக்க உங்களை யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. குழந்தைங்கன்னா அப்பா அம்மாவைக் கேக்காம எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: கோயிலுக்குள்ள போன்ல எடுக்கலாமா கூடாதா?
*(ஒரு வாசகி, வைத்தீஸ்வரன்கோயில்)*

பதில்: 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் மதுரை கிளை தமிழ்நாட்டுக் கோயில்கள்ல செல்போனுக்குத் தடை போடச் சொல்லி உத்தரவு போட்டாங்க, அதனால வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டா சண்டை போடாதீங்க. தெப்பக்குளம், தேர்முட்டி, மதில் ஓரம், செருப்பு வைக்கிற இடம், பூக்கடைன்னு வெளியவே எவ்வளவோ இருக்கு.

கேள்வி: ஒரே ஒரு நாள் தரங்கம்பாடி போறோம். எதை எப்ப எடுக்கலாம்?
*(ஒரு வாசகர், கும்பகோணம்)*

பதில்: முதல் நாள் ராத்திரியே போயிடுங்க. டேனிஷ் கோட்டை, அதாவது டென்மார்க்காரங்க கோட்டை, 1620-ல கட்டினது, கடலைப் பாத்த சுவர்ல காலை வெயில் நேரா விழும், சூரியன் ஏறின ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்தாதான் அந்த சுவரோட நிறம் வரும். அதே நேரத்துல பக்கத்துல மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடந்துடுங்க, 1306-ல பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துல கட்டினது, முன்பகுதியைக் கடல் அரிச்சுக் கொண்டுபோயிடுச்சு. கோயிலை மட்டும் தனியா எடுக்காம அலை, கரையில போட்டிருக்குற பாறாங்கல், கோயில் மூணும் ஒரே படத்துல வர்ற மாதிரி எடுங்க, கடல் எவ்வளவு கிட்ட வந்திருக்குன்னு பிற்பாடு ஒருத்தர் அளந்து பாக்க அது உதவும். 2004 சுனாமிக்கு முன்னாடி அந்தக் கரை எப்படி இருந்துச்சுன்னு தேடிப் பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

மத்தியானம் வெயில் சுள்ளுன்னு இருக்கும், ராஜவீதில 1718-ல கட்டின புது ஜெருசலேம் சர்ச்சுக்குள்ள போய் உக்காருங்க, ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்கும், அனுமதி கேட்டுட்டு எடுங்க. ஊருக்குள்ள நுழையுற அந்த வெள்ளை வாசல் இருக்கே, 1792-ன்னு போட்டிருக்குமே, அதை வெளியிலேர்ந்து பாத்தா மேற்கு முகம், அதனால சாயங்காலத்துக்கு வச்சுக்கங்க. ஸ்கூல் விட்டு சைக்கிள்ல பசங்க அதுக்குள்ள நுழைஞ்சு வர்ற நேரமும் அதுவே.

கேள்வி: வெறும் சுவரையும் கல்லையும் எடுத்து என்ன பண்ணப்போறேன்னு வீட்ல கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?
*(ஒரு வாசகி, தஞ்சாவூர்)*

பதில்: உங்க ஊர்க் கதையையே சொல்லுங்க. 1858-ல லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ஆங்கிலேயர், அப்ப மெட்ராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபர், பெரிய கோயில் அடித்தளத்துல ஓடுற கல்வெட்டை பேப்பர் நெகட்டிவ்ல துண்டு துண்டா எடுத்து 21 படத்தை ஒட்டி கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வெறும் சுவர்தான் அது, இன்னிக்கும் மியூசியத்துல வச்சிருக்காங்க.

கேள்வி: நான் எடுத்த கோட்டைப் படத்தை ஒரு கடைக்காரர் என்னைக் கேக்காம காலண்டர்ல போட்டுட்டார். கோட்டை பொதுச் சொத்துதானேன்னு சொல்றார்.
*(ஒரு வாசகர், பொறையார்)*

பதில்: கோட்டை பொதுச் சொத்து, படம் உங்களோடது. கட்டடத்தை யாரும் எடுக்கலாம்னு 1957 காப்புரிமைச் சட்டமே சொல்லுது, ஆனா எடுத்த படத்துக்கு உரிமை எடுத்தவருக்கு, அது வெளியானதுலேர்ந்து 60 வருஷம் இருக்கும். ஒரிஜினல் பைல் உங்ககிட்ட இருக்குல்ல, அதைக் காட்டிப் பேசுங்க. விக்கிமீடியா காமன்ஸ்னு எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துறதுக்காகப் படம் சேர்த்து வைக்கிற இணையதளத்துல ஏத்தியிருந்தா கதை வேற, அங்க எடுத்தவர் பேர் போட்டுட்டு வியாபாரத்துக்கும் யாரும் எடுத்துக்கலாம்னு நாமளே ஒத்துக்கிட்டுதான் ஏத்துறோம். நான் அப்படி ஏத்தச் சொல்ற ஆள்தான், ஊர்ப்படம் நாலு பேருக்குப் பயன்படட்டும், ஆனா அதை நீங்க முடிவு பண்ணணும், கடைக்காரர் முடிவு பண்ணக்கூடாது.

கேள்வி: எடுத்த படத்தை எல்லாம் வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பி வச்சுக்குறேன். போதும்ல?
*(ஒரு வாசகி, ஆக்கூர்)*

பதில்: போதாதும்மா. போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், எடுத்த தேதி, இடம் எல்லாம் கழண்டுடும். டாக்குமென்டா அனுப்புங்க, இல்ல போன்லேர்ந்து நேரா ஹார்ட் டிஸ்க்ல போடுங்க, ரெண்டு இடத்துல வைங்க. பைல் பேர்ல ஊர், தெரு, எந்தத் திசை பாத்து எடுத்தது, யாரோட கடைன்னு எழுதிடுங்க. இப்ப நமக்குத் தெரியுற தெரு இருபது வருஷம் கழிச்சு நம்ம பிள்ளைங்களுக்கே தெரியாது.

கேள்வி: மழைல எடுக்கலாமா? ஏசி ரூம்லேர்ந்து வெளிய வந்தா லென்ஸ்ல பனி புடிச்சிடுது.
*(ஒரு வாசகர், நாகப்பட்டினம்)*

பதில்: தாராளமா எடுங்க, மழை விட்ட பத்து நிமிஷம் கடைத்தெரு மாதிரி அழகு வேற எதுலயும் இல்ல. கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவர்ல வச்சு ஏசி ரூமை விட்டு வெளிய கொண்டுவந்து, அரை மணி கழிச்சுத் திறங்க, ஈரம் கவருக்கு வெளியவே நின்னுடும். அவசரத்துல துணியால தேய்க்காதீங்க, தானா போயிடும்.